என் அப்பா கேட்காமல் திரும்பிய நாள்

அன்புள்ள மகனுக்கு,

நீ போய் இன்றைக்கு ஒன்பது நாள். உன் அம்மா பத்து என்கிறாள். நீ தோணி ஏறுவதற்கு முதல் நாளே அவள் எண்ணத் தொடங்கிவிட்டாள், அதனால் வந்த கணக்கு அது. கலியாணம் முடித்த ஆண்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பது நம் பக்கத்து வழக்கம். என் அப்பா அப்படிப் போனார், நான் அப்படி வந்தேன், இப்போது நீ போயிருக்கிறாய், இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்று அவளிடம் வீறாப்பாகக் கேட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனேன். மாடு வாளியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது. சற்று முன்தான் அதற்குத் தண்ணீர் வைத்திருந்தேனாம். உன் அம்மா சிரித்த சிரிப்பு அடுத்த வளவுக்குக் கேட்டிருக்கும்.

துறையில் தோணி கட்டவிழ்க்கும்போது நீ என்னிடம் ஒன்று கேட்டாய். "அப்பா, அங்க நான் எப்பிடி இரிக்கோணும்?" நான் "மனிசனா இரி மனே" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். ஆனால் அது பதிலில்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உண்மையான பதில் கொஞ்சம் நீளமானது. அதில் என்னுடைய வெட்கக்கேடு ஒன்றும் இருக்கிறது. அதை அத்தனை பேருக்கு நடுவில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு ஒளித்து வைக்காதே. உன் மனைவிக்கு வாசித்துக் காட்டு, உன் மாமாவிடமும் கொடு, அவர் ஊர் முழுக்கச் சொன்னாலும் சொல்லட்டும். ஒளித்துத்தான் நான் ஒரு தடவை கெட்டேன்.

என் அப்பாவை நீ வயதான காலத்தில்தான் பார்த்திருக்கிறாய். நான் சொல்லும் அப்பா வேறு ஆள். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்கள் வட்டைக்கு, அதாவது எங்கள் வயல்வெளிக்கு, அவர்தான் வட்டைவிதானை. நூற்றுக்கணக்கான ஏக்கர் வயலுக்கு எப்போது தண்ணீர் கட்டுவது, எப்போது விடுவது என்று சொல்லும் பொறுப்பு அவருடையது. அவர் வரம்பில் நின்று ஒரு குரல் கொடுத்தால் வட்டையின் மறு தலைப்பில் நிற்கிறவன் மண்வெட்டியைக் கீழே வைப்பான். அவருக்குப் பாட வராது, ஆனால் உழும்போது பாடுவார். எருமைகள் அதைப் பொறுத்துக்கொண்டன. வீட்டில் மட்டும் அந்தக் குரல் செல்லாது. அம்மாவோடு வாய்த்தர்க்கம் வந்து தன்மேல் பிழை என்று தெரிந்துவிட்டால், "வயலப் பாத்திற்று வாறன்" என்று எழும்பிப் போய்விடுவார். திரும்பி வரும்போது கையில் ஒரு பிடி பொன்னாங்கண்ணி இருக்கும். அதை அம்மாவின் பக்கத்தில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் கால் கழுவப் போவார். அவர் மன்னிப்புக் கேட்கிற விதம் அதுதான். நாங்கள் பிள்ளைகள், இந்தக் கிழமை எத்தனை நாள் கீரைக்கறி என்று பார்த்து, அப்பா எத்தனை தரம் தோற்றார் என்று சொல்லிச் சிரிப்போம். 'பிழை' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை, அந்த ஒரு நாள் வரைக்கும்.

எனக்கு இருபத்து மூன்று வயதில் கலியாணம் நடந்தது. கல்லடிப் பாலம் புதிதாக இருந்த காலம் அது. உன் அம்மாவின் வீடு எழுவான்கரையில், வாவிக்கும் கடலுக்கும் நடுவே, நீ பிறந்து வளர்ந்த இதே வளவு. வந்த புதிதில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சமல்ல. நெல்லுக்குள் பிறந்தவன் தென்னைக்கும் மீனுக்கும் நடுவே வந்துவிட்டேன் என்று ஒரு எண்ணம். என் மாமா, உன் அம்மாவின் அப்பா, ஒரு நாளைக்குப் பத்துச் சொல் பேசினால் அதிகம். அவர் என்னை முகத்துவாரத்து மணல்மேட்டுக்குக் கூட்டிப்போய் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டே இருப்பார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவி விடுவேன். மனிதர் சும்மா இருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் எனக்கு ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு விளங்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.

முகத்துவாரம் உனக்குத் தெரியாததல்ல, ஆனாலும் அந்த மணல்மேட்டைக் கண்டறியாத உன் மனைவி வீட்டாருக்காக எழுதுகிறேன். கோடையில் கடல் மணலைக் குவித்து வாவியின் வாயை அடைத்துவிடும். மாரியில் மழைத் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் வாவி ஏறும். ஏறிய தண்ணீர் படுவான்கரை வயல்களுக்குள் போகும். அந்த மணல்மேட்டை வெட்டிவிட்டால் தண்ணீர் கடலுக்கு ஓடிவிடும், வயல் பிழைக்கும். ஆனால் தண்ணீரோடு இறாலும் ஓடிவிடும், எழுவான்கரைக்காரர்களின் வலை வெறுமையாகிவிடும். அதனால் எந்த நாளில் வெட்டுவது என்பதை இரண்டு கரைப் பெரியவர்களும் கூடிப் பேசித்தான் முடிவு செய்வார்கள். அதற்கு முன் யாரும் மண்வெட்டியோடு அந்தப் பக்கம் போகக்கூடாது. அது எழுதாத சட்டம்.

அந்த மார்கழியில் ஏழு நாள் விடாமல் மழை. வெட்டுவதற்குக் குறித்த நாளுக்கு இன்னும் ஒரு கிழமை இருந்தது. எங்கள் வட்டையில் பயிர் குடலைப் பருவம், கதிர் உள்ளே திரண்டு வெளியே வரப் பார்த்திருக்கும் நேரம். என் கூட்டாளி ஒருவன் தோணியில் வந்து சொன்னான். "மச்சான், தண்ணி குடலைக்கு மேல வந்திற்று. இன்னும் நாலு நாள் நிண்டா அழுகிப்போகும். உன்ட அப்பா வரம்பிலயே நிக்காரு, சோறும் தின்னல்ல." நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. பத்தடி தூரத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த மாமாவிடம் போய், மாமா, இப்படி ஒரு சேதி வந்திருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்க வேண்டும். அவர் எழுவான்கரைக்காரர், எங்கள் வயல் அவருக்கு என்ன என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அவர் சோற்றைத் தின்றுகொண்டே அவரை அந்நியராக வைத்திருந்தேன்.

மகனே, இனிமேல் எழுதுவதைக் கூச்சத்தோடுதான் எழுதுகிறேன். அந்தக் கூட்டாளியிடம், "அப்பா வெட்டச் சொல்லிற்றார், பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வா" என்றேன். அப்பா அப்படி ஒரு சொல்லும் சொல்லவில்லை. வட்டைவிதானையின் சொல் என்றால்தான் ஆட்கள் வருவார்கள் என்று அவர் பெயரை எடுத்துப் பாவித்தேன். மறுநாள் ஊர் முழுவதும் பக்கத்து ஊர்க் கலியாணத்துக்குப் போயிருந்தது. உன் அம்மாவிடம் தேங்காய் பிடுங்கப் போவதாகச் சொல்லிவிட்டு மணல்மேட்டுக்குப் போனேன். மேடு எங்கே ஒடுங்கியிருக்கிறதோ அந்த இடத்தைப் பார்த்து, கடலுக்கு நேராக, வயல்காரன் வரம்பு வெட்டுவது போல வெட்டுவித்தேன். கடல் அன்று கொந்தளித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க எனக்குக் கண் இருந்தது, அறிவு இருக்கவில்லை. தண்ணீர் ஓடத் தொடங்கியதும் நாங்கள் துள்ளினோம். துள்ளி முடியுமுன் கடல் ஏறி வந்தது. வெட்டிய மண் எல்லாவற்றையும் திருப்பி உள்ளே தள்ளி, மேட்டை முன்னிருந்ததைவிட உயர்த்திவிட்டுப் போனது. போகிற போக்கில் அந்த ஓரத்தில் கட்டியிருந்த நாலு குடும்பத்து வலைகளையும் அறுத்துக்கொண்டு போனது. வயலும் பிழைக்கவில்லை, வலையும் மிஞ்சவில்லை. கூட வந்தவர்கள் தோணி ஏறிப் போய்விட்டார்கள். நான்தான் போக இடமில்லாமல் நின்றேன்.

அடுத்த நாள் காலையில் நம் வளவு நிறைய ஆட்கள். வலை இழந்த ஒருவர், நல்ல மனிதர், கோபத்தோடு மாமாவைப் பார்த்துச் சொன்னார். "பொண்ணக் குடுத்து வீட்டக் குடுத்து வெச்சிரிக்காய். உள்ளுக்கு இருந்துகொண்டே எங்களுக்குக் குழி வெட்டிரிக்கான். அவன அவன்ட கரைக்கே அனுப்பு." இன்னும் இரண்டு மூன்று பேர் "ஓம், அனுப்பு" என்றார்கள். மாமா கடல் பக்கம் திரும்பிப் பார்த்தார். உன் அம்மா வாசலில் நின்றாள். நீ அவள் வயிற்றில் ஐந்து மாதம். அன்று அவர்கள் என்னை அனுப்பியிருந்தால் நீ அப்பா இல்லாத வீட்டில் பிறந்திருப்பாய். அந்தப் பயத்தில் நான் இன்னொரு கேவலமும் செய்தேன். "நானா வெட்டல்ல, அப்பா சொல்லித்தான் வெட்டின" என்றேன்.

அந்தச் சொல்லின் சூடு ஆறுமுன் என் அப்பா வேலிக் கடப்பைத் தாண்டி வளவுக்குள் வந்தார். தோணி ஏறிப் போனவர்கள் அவரிடம் நடந்ததைச் சொல்லியிருக்கிறார்கள். முழங்கால்வரை வயற்சேறு, கழுவக்கூட இல்லை. நாலைந்து நாளாய் நித்திரை இல்லாத கண். வலை இழந்தவர் நேரே கேட்டார். "விதானையார், நீங்களா வெட்டச் சொன்ன?"

நான் நிலத்தைப் பார்த்தேன். ஓம் என்றால் அவர் விதானைப் பதவியும் இத்தனை வருடப் பெயரும் போய்விடும். இல்லை என்றால் நான் போய்விடுவேன். அப்பா வரம்பில் நின்று கூப்பிடும் குரலில் அல்ல, சாதாரணக் குரலில் சொன்னார்.

"நான் சொல்லல்ல. அவன் பொய் சொல்லிரிக்கான். ஆனா அவன் என்ட மகன். வயல் வேலை எல்லாம் படிப்பிச்சன், போன வீட்டுல கேட்டு நடக்கப் படிப்பிக்கல்ல. அது என்ட பிழை. உங்கட வலைகள நான் கட்டித் தாறன். அவனையும் என்னையும் பொறுத்துக்கொள்ளுங்க."

சொல்லிவிட்டு அந்தச் சேற்றுக் காலோடு எல்லோருக்கும் கை கூப்பினார். பொன்னாங்கண்ணிக் கீரையால் மன்னிப்புக் கேட்ட மனிதர், ஊர் நடுவே வாய் திறந்து கேட்டார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. இருபத்து மூன்று வயது ஆண்பிள்ளை, கலியாணம் முடித்தவன், விம்மி விம்மி அழுதேன். அதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை.

அடுத்து அவர் முகத்துவாரத்தை வெட்டுவதைப் பற்றிக் கேட்பார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவருடைய வட்டை முழுவதும் அந்தக் கேள்வியில்தான் இருந்தது. அவர் கேட்கவில்லை. மாமாவுக்குத் தலையசைத்துவிட்டுத் துறையை நோக்கி நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

"அப்பா, கேளுங்க! வெள்ளாமை அழியிது!"

"மன்னிப்புக் கேக்க வந்த இடத்துல மறுகா வேறொண்டும் கேக்கப்படாது மனே. நீ வீட்ட போ" என்றார். தோணியில் ஏறிக் கம்பைக் கையில் எடுத்தார்.

அப்போதுதான் மாமா வந்தார். நான் வந்து எட்டு மாதத்தில் அவர் ஒரே மூச்சில் அத்தனை சொல் பேசியதை அன்றுதான் கேட்டேன். "சம்பந்தி, கம்ப ஊண்டாதங்க. கடல் இண்டைக்கு இறங்கும், நாளைக்குப் படுக்கும். நாளைக்கு வெட்டுவம். இண்டைக்கு எங்கட ஆக்கள் ஏலுமான மட்டும் இறாலப் பிடிக்கட்டும். உங்கட ஆக்கள வலை இழுக்க அனுப்புங்க, கை கூடினா ஒரு நாள்ல பிடிச்சிரலாம்." பின்னால் ஊர் நின்றது. வலை இழந்தவர் மணலைக் காலால் கிளறிக்கொண்டே, "ஒண்டும் கேக்காமப் போற மனிசனுக்கு என்னெண்டுகா இல்லெண்டு சொல்ற?" என்றார். அதோடு முடிந்தது வழக்கு.

அன்று பின்னேரம் வாவியில் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. எங்கள் வட்டைக்காரர் அறுபது பேர் வந்தார்கள். எங்களுக்குப் பக்கத்து வயல்கள் ஏறாவூர்ப் போடியார், பெரிய வயற்சொந்தக்காரர், ஒருவருடையவை. அவர் தன் ஆட்கள் முப்பது பேரோடு தானே வந்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். நெல்லைத் தவிர வேறொன்றையும் பிடித்தறியாத கைகள் வலையை இழுக்க, இறால் துள்ளித் தாடியில் அடிக்க, போடியார் "யா அல்லாஹ், நெல்லு அறுக்கக்குள்ள ஓடாதே, இது ஓடுதே தம்பி" என்று கத்த, எழுவான்கரைக்காரர் கோபத்தை மறந்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். பல நாள் இறாலை அந்த ஒரு பின்னேரத்தில் பிடித்தார்கள். மழையும் விட்டிருந்தது, பெண்கள் அவித்துக் காயப்போட இடம் போதாமல் பாய்களையும் எடுத்து விரித்தார்கள்.

மறுநாள் மாமா சொன்னதுபோலக் கடல் படுத்துவிட்டது. அவர் மணலில் காலால் ஒரு கோடு கீறிக்கொண்டு நடந்தார். நான் வெட்டிய இடத்தைவிட அது இரண்டு மடங்கு அகலம். கோடும் நேராகப் போகாமல் தெற்கே சாய்ந்து போனது. வயல்காரர்கள் முணுமுணுத்தார்கள். அப்பா ஒரே ஒரு சொல் சொன்னார். "வயலுக்குள்ள நான் சொல்றதக் கேளுங்க, இஞ்ச அவர் சொல்றதக் கேளுங்க." நான் மண்வெட்டியை எடுத்தேன். அப்பா அதை வாங்கி வேறொருவனிடம் கொடுத்துவிட்டு, "நீ கோப்பி குடு" என்றார். நூறு பேருக்கு மேல். வாளியும் சிரட்டையுமாக ஒவ்வொருவராக, முகத்துக்கு முகம் பார்த்துக் கொடுத்துக்கொண்டு போனேன். வெட்டுகிற வேலை அதைவிட எத்தனையோ சுகம். வலை இழந்தவர் முதல் தரம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாம் தரமும் அப்படியே. மூன்றாம் தரம் சிரட்டையை வாங்கிக் குடித்துவிட்டு, "சக்கரை காணாது" என்றார். அந்த ஒரு குறையைக் கேட்டு நான் பட்ட சந்தோசத்தை உனக்கு எப்படிச் சொல்வேன்! வீட்டுக்கு ஓடிப்போய் இருந்த சர்க்கரை எல்லாவற்றையும் வாளிக்குள் கொட்டிக்கொண்டு வந்தேன்.

வெயில் சாயும் நேரம் கடைசி நாலடி மணல் மிஞ்சியது. மாமா அதில் ஏறி நின்று அலையைப் பார்த்தார். கையை உயர்த்தினார், உயர்த்தியபடியே வைத்திருந்தார், பிறகு இறக்கினார். வெட்டினார்கள். முதலில் ஒரு வாய்க்கால் அளவுதான் ஓடியது. பிறகு கரையிலிருந்து ஒரு கண்டம் மணல் விழுந்தது, இன்னொன்று விழுந்தது, தண்ணீர் தன் வழியைத் தானே அகலித்துக்கொண்டு கடலுக்குள் பாய்ந்தது. கடல் எதிர்த்து ஒரு அலை அனுப்பிப் பார்த்தது, வாவி அதைத் தள்ளிவிட்டது! பெண்கள் குரவை போட்டார்கள். போடியார் இரண்டு கையையும் வானத்துக்கு உயர்த்தினார். என் அப்பா பத்துச் சொல் பேசாத என் மாமாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார், பாட வராத குரலில் பாட்டும் எடுத்துவிட்டார். ஒருவரும் அவரை நிறுத்தவில்லை. பொழுது படுமுன் முகத்துவாரம் இரண்டு பனை நீளம் திறந்துவிட்டது. மறுநாளே வட்டையில் பயிரின் தலை தெரிந்தது. பங்குனியில் அறுத்தபோது, அப்பா தன் காலத்தில் கண்ட விளைச்சலில் அதுதான் பெரிது. அந்த வருடம் எழுவான்கரையிலும் ஒரு வீடு நெல்லில்லாமல் இருக்கவில்லை. எழுவான்கரைக்கு நெல், படுவான்கரைக்குக் கருவாடு என்று தோணிகள் போய்ப் போய் வந்தன.

சித்திரையில் நீ பிறந்தாய். புது அரிசி எடுத்துக்கொண்டு அப்பா உன்னைப் பார்க்க வந்தார். உன் அம்மாவின் வீட்டில் இறால் கறியோடு சோறு தின்றுகொண்டிருக்கும்போது நான் மெல்லக் கேட்டேன். "அண்டைக்குக் கேக்காமத் திரும்பினீங்களே, மாமா பின்னால வருவார் எண்டு தெரியுமா?"

"தெரியாது" என்றார்.

"அப்ப என்ன துணிவில திரும்பின?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "கேக்கத்தான் வந்தன். தோணிக்குள்ள வரக்குள்ள என்ன சொல்ற, எப்பிடிச் சொல்ற எண்டு எல்லாம் சொல்லிப் பாத்துக்கொண்டுதான் வந்தன். கடப்புக்குள்ள நுழையக்குள்ள உன்னக் கண்டன். நீ குடியிருக்கிற வளவுக்குள்ள, வேலியோட ஒட்டிக்கொண்டு நிண்டாய். நான் வெள்ளாமையக் கேட்டிருந்தா அவங்க தந்துமிருப்பாங்க. ஆனா நீ இந்த வீட்டுல சாகுமட்டும் நம்மட வயலுக்காக வந்த ஆளாத்தான் இருந்திருப்பாய். வெள்ளாமை வாற மாரிக்கும் விளையும் மனே."

ஒரு வருட விளைச்சலை அந்தத் துறையில் எனக்காக விட்டுவிட்டு, தன் கீழ் இருந்த அத்தனை பேரின் பழிச்சொல்லையும் ஏற்றுக்கொண்டு, அவர் தோணி ஏறியிருக்கிறார். அது திரும்பி வந்தது அவர் எதிர்பாராத வெற்றி. வராமல் போயிருந்தாலும் அவர் அன்று வென்றவர்தான் என்று நான் நினைக்கிறேன். இருபது வருடமாக இந்த வீட்டில் நான் தலை நிமிர்ந்து நடக்கிறேன். மாமா கண் மூடும்போது என் கையைத்தான் பிடித்திருந்தார்.

நீ கேட்டதற்கு இதுதான் பதில். நீ கடற்கரைப் பிள்ளை, இப்போது நெல்லுக்குள் போயிருக்கிறாய். உனக்கு வரம்பும் தெரியாது, வயலில் தண்ணீர் விடும் வாயும் தெரியாது. அது குற்றமில்லை, கேட்காமல் இருப்பதுதான் குற்றம். என் மாமா பேசாததால் நான் கேட்கவில்லை. உன் மாமா ஓயாமல் கதைக்கிறவர், கலியாணப் பந்தலிலேயே பார்த்தேன், அதனால் நீ காது கொடுக்காமல் விட்டுவிடுவாய் என்று எனக்குப் பயம். அவர் சொல்லும் நூறில் ஒன்று உன் வயலைக் காப்பாற்றும், மீதித் தொண்ணூற்றொன்பதையும் சிரித்துக்கொண்டு கேள். வெள்ளைக்காரத் துரைமாரே மூட்டை கட்டிப் போய்விட்ட காலம் இது, இனி எல்லாம் நம் கையில் என்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் போன வீட்டில் எல்லாம் தன் கையில் என்று எந்த மருமகனும் நினைக்க வேண்டாம்.

இவ்வளவு சொல்லியும் நீ பிழை விடுவாய். என் மகன்தானே. விட்டால் அந்த வளவில் வேலியோடு ஒட்டிக்கொண்டு நிற்காதே. அன்றைக்கே எனக்கு ஆளனுப்பு. எனக்கு முழங்கால் நோவென்று உன் அம்மா சொல்லுவாள், அதை நம்பாதே. நான் தோணி பிடித்து வருவேன். வந்து உன்னிடம் ஒன்றும், அவர்களிடம் மன்னிப்பைத் தவிர வேறொன்றும் கேட்கமாட்டேன்.

உன் அப்பா